பதினைந்து வாட்டும் பக்கத்து வீடும்

வீட்டில் பாட்டுக் கேட்கிற ஆம்ப்ளிஃபையர் நல்லதா என்று பார்க்க ஒரே அளவுகோல்தான்: உள்ளே போனது மாறாமல் வெளியே வருகிறதா? கிட்டார் ஆம்ப்புக்கு இந்த அளவுகோலை வைத்தால், உலகத்தில் பேர்பெற்ற ஆம்ப் அத்தனையும் ஃபெயில். மார்ஷல், ஃபெண்டர், வாக்ஸ் எல்லாமே உள்ளே வருவதை நசுக்கி, ஓரத்தைக் கரகரப்பாக்கி, மேலும் கீழும் வெட்டித்தான் வெளியே விடுகின்றன. அந்தக் கெடுதலுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

இதைப் பிடித்துக்கொண்டால் ஆம்ப் வகைகள் குழப்பாது. கடையில் போய் நின்றால் வால்வு, டிரான்சிஸ்டர், ஹைப்ரிட், மாடலிங் என்று நான்கு பெயர் சொல்வார்கள். எனக்கு அது நான்கும் சேர்ந்து ஒரே கதை. ஒரு பழுது எல்லோருக்கும் பிடித்துப்போனது. அந்தப் பழுது காது கிழிகிற சத்தத்தில் மட்டுமே கிடைத்தது. அதை அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிடாத சத்தத்தில் எப்படி வரவழைப்பது என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வகையும் அதற்கு ஒரு பதில்.

முதலில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் அதில் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, முரட்டுத்தனமாக அடித்தால் அதற்கும் மேலே. இதை வைத்து ஸ்பீக்கரை அசைக்க முடியாது. அதனால் எந்த ஆம்ப்பிலும் இரண்டு கட்டம் உண்டு. ப்ரீஆம்ப் அந்தச் சின்ன வோல்டேஜை ஏற்றும். பேஸ், ட்ரெபிள் திருகிகள் அங்கேதான். பவர் ஆம்ப் ஸ்பீக்கரைத் தள்ளுகிற பலத்தைக் கொடுக்கும். இவை இரண்டும் ஸ்பீக்கரோடு ஒரே பெட்டியில் இருந்தால் காம்போ. மின்பகுதி தனியாக, ஸ்பீக்கர் தனியாக என்றால் ஹெட்டும் கேபினெட்டும்.

வால்வு நமக்குப் புதிதல்ல. தாத்தா காலத்து ரேடியோவைப் போட்டதும் பேசாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சூடேறி ஆரஞ்சு நிறத்தில் கனிந்த பிறகுதான் குரல் வரும். கிட்டார் ஆம்ப்பில் இருப்பது அதே சாமான்தான். இஎல்84 என்ற சின்ன பவர் வால்வு ரேடியோவிலும் ரெக்கார்டு பிளேயரிலும் இருந்தது. வாக்ஸ் ஏசி30-க்குள் அதே வால்வு நான்கு இருக்கிறது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸும் இஎல்84 செய்திருக்கிறது. அந்தப் பழைய ஸ்டாக்கைத் தேடிப்பிடித்து வாங்கும் வெளிநாட்டு ஆம்ப் பைத்தியங்கள் இன்றைக்கும் உண்டு.

குழாய்க்குள் சூடான ஒரு முனை எலெக்ட்ரான்களைத் துப்புகிறது. சில நூறு வோல்ட் ஏற்றிய ஒரு தகடு அவற்றை இழுக்கிறது. நடுவில் ஒரு கம்பி வலை. கிட்டாரிலிருந்து வரும் சின்ன வோல்டேஜ் அந்த வலையில் ஏறி இறங்கும்போது, தகட்டுக்குப் போகும் பெரிய ஓட்டமும் அதே தாளத்தில் ஏறி இறங்குகிறது. சரி, அளவுக்கு மீறி உள்ளே தள்ளினால்? ஓட்டம் ஒரு எல்லைக்கு மேல் ஏறாது. ஒலி அலையின் உச்சி தட்டையாகிவிடும். வால்வு சட்டென்று தட்டையாக்குவதில்லை; எல்லை நெருங்க நெருங்கக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துகிறது. அலையின் தோள் வளைந்து உச்சி நசுங்குகிறது. நசுங்கும்போது அடிப்படை ஸ்வரத்துக்கு மேலே புதிய ஸ்வரங்கள் கலக்கின்றன. பலமாக மீட்டியதும் மெதுவாக மீட்டியதும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்கு வருவதால், தந்தியின் ஒலி சீக்கிரம் சாகாமல் நீண்டு நிற்கிறது. இதுதான் அந்தப் பழுது. பொறியாளர்கள் டிஸ்டார்ஷன் என்று முகம் சுளித்தது.

அவர்கள் சுளித்ததை வாசிப்பவர்கள் விரும்பிக் கெடுத்துக்கொண்டார்கள். 1951-இல் மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸின் ஸ்டுடியோவுக்கு வந்த ஒரு குழுவின் ஆம்ப் வழியில் அடிபட்டு ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. உள்ளே காகிதத்தைத் திணித்து அப்படியே ஒலிப்பதிவு செய்தார்கள் என்பது பலரும் சொல்லும் கதை. 1950களின் கடைசியில் லிங்க் ரே ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். 1964-இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சின்னப் பச்சை ஆம்ப்பின் ஸ்பீக்கரை பிளேடால் கீறினார். கடையில் கிடைக்காத ஒரு சத்தத்துக்காகச் சொந்தக் காசில் வாங்கிய சாமானைக் குத்திக் கிழித்த ஆட்கள் இவர்கள்.

கிழிக்காமலும் வரவழைக்கலாம். வால்யூமை ஏற்றினால் போதும். சென்னையில் இசைக்குழுக்கள் பயிற்சி செய்ய மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கிடைக்கும் ஒரு ஜாம் ரூமில், ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட 15 வாட் வால்வு காம்போவோடு தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். திருகி இரண்டில் இருக்கும்போது ஒலி சுத்தமாக, கொஞ்சம் சப்பென்று இருந்தது. விரல் தப்பினால் அப்பட்டமாகத் தெரிந்தது. நான்குக்கு ஏற்றியதும் தந்தி தடித்துவிட்டது. மெதுவாக மீட்டினால் சுத்தம், பிக்கை அழுத்திப் போட்டால் ஓரத்தில் ஒரு சொரசொரப்பு. ஆறுக்குப் போனதும் நான் எதிர்பார்த்தது சத்தம் எகிறும் என்று. சத்தம் பெரிதாக ஏறவில்லை. பவர் வால்வுகள் ஏற்கெனவே எல்லையைத் தொட்டுவிட்டன. ஏறியது கரகரப்புதான். ஈ மேஜர் கார்டை அடித்துவிட்டுக் கையை எடுத்தால் அது பாட்டுக்கு நின்று கர்ஜித்தது. இதில் உண்மையான ருசி என்ன தெரியுமா? ஆம்ப்பைத் தொடாமல் கிட்டாரில் இருக்கும் வால்யூம் திருகியைப் பாதிக்கு இறக்கினேன். ஒலி மறுபடியும் சுத்தமாகிவிட்டது. சுத்தத்துக்கும் அழுக்குக்கும் நடுவே இருக்கும் அவ்வளவு தூரமும் சுண்டுவிரலுக்குள் வந்துவிட்டது. காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல் எதுவும் இல்லை, சுவிட்ச் எதுவும் இல்லை. அப்புறம் கதவைத் திறந்து எட்டிப்பார்த்த ஜாம் ரூம் பையன், ஒன்றும் பேசாமல் உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினான்.

அவனைக் குறைசொல்ல முடியாது. கிட்டார் ஸ்பீக்கர்கள் சத்தம் போடுவதில் கில்லாடிகள். ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 98, 100 டெசிபல் தருகிற ஸ்பீக்கர்கள் சாதாரணம். அதற்குப் பதினைந்து வாட் கொடுத்தால் 110 டெசிபலை நெருங்குகிறோம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது இது நடக்கிற காரியமா?

வாட் கணக்கிலும் ஒரு ஏமாற்று உண்டு. 50 வாட்டைவிட 100 வாட் இரண்டு மடங்கு சத்தம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இரண்டு மடங்கு வாட் என்றால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள் போல' என்று தோன்றும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தம் என்று காது ஒப்புக்கொள்ள ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 5 வாட் வால்வு ஆம்ப் 50 வாட் ஆம்ப்பின் பாதிச் சத்தம் போடும். வீட்டுக்கு என்று 5 வாட் வால்வு வாங்கியவர்கள் பேந்தப் பேந்த விழிப்பது இதனால்தான்.

அப்படியானால் 100 வாட் ஆம்ப்பை யார், எதற்குச் செய்தார்கள்? இதற்கு மூன்று பட்டறைகளின் கதை தெரிய வேண்டும்.

கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசிப்பவர்கள் ரிப்பேருக்குக் கொண்டுவரும் ஆம்ப்களைத் திறந்து பார்த்து எது போகிறது, எது நிற்கிறது என்று தெரிந்துவைத்திருந்தார். அவருடைய வாடிக்கையாளர்கள் ஹவாயன் ஸ்டீல் கிட்டார்காரர்களும் கன்ட்ரி இசைக்காரர்களும். அவர்களுக்குத் தேவை சுத்தமான சத்தம். 1951-இல் எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாரை வெளியிட்டவர், அதற்குத் துணையாக பாஸ்மேன் என்ற ஆம்ப்பைச் செய்தார். 1950களின் கடைசியில் அது நான்கு 10 அங்குல ஸ்பீக்கர், நாற்பது வாட்டுக்குச் சற்று மேல் என்று ஒரு வடிவத்துக்கு வந்தது. பேஸுக்கு அது சுமார்தான். கிட்டார்காரர்கள் கைப்பற்றிக்கொண்டார்கள். ஏற்றினால் அழகாகக் கெட்டது!

பிறகு 1963-இல் வந்த ட்வின் ரிவெர்ப் 85 வாட் வரை சுத்தமாகவே ஏறும். ஃபெண்டர் கிளீன் என்று இன்று எல்லோரும் சொல்வது இந்தப் பரம்பரை. அதன் அடியில் ஒரு நீளமான தகரப் பெட்டியில் ஸ்பிரிங்குகள் தொங்குகின்றன. ஒலியை ஒரு முனையில் அசைவாக்கி ஸ்பிரிங் வழியே அனுப்பி மறுமுனையில் பிடிக்கிறார்கள். ரிவெர்ப் என்ற எதிரொலி அவ்வளவுதான். ஹாமண்ட் ஆர்கனிலிருந்து வந்த உத்தி. தெரியாமல் காலால் பெட்டியைத் தட்டினால் மேடை முழுக்க இடி விழும்.

இரண்டாவது பட்டறை லண்டனில். ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஜிம் மார்ஷல் ஒரு வாத்தியக் கடை திறந்தார். கடைக்கு வந்த பையன்கள் ஃபெண்டர் ஆம்ப் கேட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து சேரும்போது அதன் விலை கைக்கு எட்டாது. கடையின் ரிப்பேர்க்காரர் கென் பிரான், இளைஞர் டட்லி கிரேவன் இருவரும் ஒரு பாஸ்மேனை வைத்துக்கொண்டு அதன் சர்க்யூட்டை அப்படியே போட்டார்கள். 1962-இல் வந்த அந்த ஆம்ப்தான் ஜேடிஎம்45. அப்படியே என்றால், சாமான் மட்டும் உள்ளூர்ச் சாமான். முதல் கட்டத்தில் பாஸ்மேனில் இருந்ததைவிடக் கூடுதலாக ஏற்றும் இசிசி83 வால்வு. பவர் பகுதியில் சீக்கிரமே பிரிட்டிஷ் கேடி66. ஸ்பீக்கர் செலஸ்டியன் 12 அங்குலம் நான்கு, அதுவும் பின்பக்கம் மூடிய கேபினெட்டில். சர்க்யூட் ஒன்றுதான். ஆனால் முன்னதாகவே கெட்டது, நடு ஒலி முன்னுக்கு வந்தது, மூடிய பெட்டி நெஞ்சில் வந்து மோதியது. ராக் இசையின் ஒலி என்று உலகம் பிற்பாடு கொண்டாடியது, கைக்குக் கிடைத்த உதிரி பாகங்களை வைத்து எடுத்த ஒரு காப்பியிலிருந்து பிறந்தது. எனக்கு ஆம்ப் வரலாற்றிலேயே பிடித்த இடம் இதுதான்.

மூன்றாவது, கென்ட் மாவட்டத்து டார்ட்ஃபர்டில் டாம் ஜென்னிங்ஸின் கம்பெனி. அங்கே டிக் டென்னி வடிவமைத்த வாக்ஸ் ஏசி15 போதவில்லை என்று ஷேடோஸ் குழு கேட்டதும் ஏசி30 வந்தது. மணி கிணுகிணுப்பது போன்ற மேல் ஒலி அதன் அடையாளம். பீட்டில்ஸ் அதைத்தான் வாசித்தார்கள். குவீன் குழுவின் பிரையன் மே இன்றுவரை அதை விடவில்லை.

இப்போது 100 வாட்டுக்கு வருவோம். அந்தக் காலத்து அரங்குகளில் கிட்டாருக்கு மைக் வைக்கிற வழக்கம் கிடையாது. ஹாலின் ஒலிபெருக்கி பாடகர் குரலுக்கு மட்டும். கிட்டார் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் ஆம்ப்பே கத்த வேண்டும். 1965 ஆகஸ்ட்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு மேல் கூடிய கூட்டத்துக்கு முன்னால் பீட்டில்ஸ் 100 வாட் வாக்ஸ் ஆம்ப்களோடு நின்றார்கள். ரசிகைகளின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை. அதே வருடம் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் ஜிம் மார்ஷலிடம் போய் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்டு 100 வாட் ஹெட் வாங்கினார். அதற்கு எட்டு ஸ்பீக்கர் கொண்ட ஒரே கேபினெட் செய்து பார்த்தார்கள். தூக்குகிற ஆட்களுக்கு முதுகு போனதால் நான்கு நான்காகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினார்கள். மேடையில் சுவர்போல நிற்கும் அந்த மார்ஷல் ஸ்டாக் பிறந்தது இப்படித்தான்.

சில வருடங்களில் மேடையின் எல்லா ஒலியையும் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் பெரிய பிஏ சிஸ்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு ஆம்ப்புக்கு முன்னாலும் ஒரு மைக் வைத்து மிக்ஸருக்கு அனுப்பினால் 15 வாட் ஆம்ப் ஸ்டேடியத்தையே நிரப்பும். 100 வாட்டின் தேவை அங்கேயே முடிந்தது. மோகம் மட்டும் முடியவில்லை. வீட்டுக்கு எத்தனை வாட் வாங்கலாம் என்று நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது அந்த மோகத்தின் மிச்சம்.

ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. பவர் வால்வில் எது உசத்தி, இஎல்34-ஆ 6எல்6-ஆ என்று ராத்திரி முழுக்கச் சண்டை போடுபவர்கள் ஸ்பீக்கரை மறந்துவிடுகிறார்கள். என் காதுக்கு வால்வை மாற்றினால் வருகிற வித்தியாசத்தைவிட ஸ்பீக்கரை மாற்றினால் வருவது பெரிது. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மளமளவென்று இறங்கிவிடும். ஹைஃபைக்காரர்களுக்கு இது குறை; டிஸ்டார்ஷனில் பிறக்கும் எரிச்சலான மேல் ஒலிகளை வடிகட்டுவது இந்தக் குறைதான். கோயில் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுக் கிட்டார்காரர் டிஸ்டார்ஷன் பெடலை நேராக மிக்ஸரில் சொருகி ஒரு சோலோ வாசிப்பார். தேன்கூட்டில் கல்லெறிந்தது மாதிரி ஒரு 'ஙொய்'. அவர் வாசிப்பில் குற்றமில்லை, பெடலிலும் இல்லை. நடுவே கிட்டார் ஸ்பீக்கரோ அதைப் பாவனை செய்யும் சர்க்யூட்டோ இல்லை, அவ்வளவுதான்.

சத்தத்தைக் குறைக்கும் முயற்சிகளில் முதல் பெரிய வெற்றி மாஸ்டர் வால்யூம். கலிஃபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் என்ற ரிப்பேர்க்காரர் ஃபெண்டரின் சின்ன பிரின்ஸ்டன் பெட்டிக்குள் பெரிய ஆம்ப்பின் குடலைத் திணித்து விளையாடிக்கொண்டிருந்தார். அதுதான் மெசா பூகி கம்பெனியாக வளர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் அவர் செய்தது, ப்ரீஆம்ப்பில் இன்னொரு வால்வுக் கட்டத்தைச் சேர்த்து, நடுநடுவே வால்யூம் திருகிகளை வைத்தது. முன்னால் இருக்கும் திருகி எவ்வளவு கெட வேண்டும் என்று தீர்மானிக்கும். கடைசித் திருகி எவ்வளவு கேட்க வேண்டும் என்று. மார்ஷலும் அந்த வழிக்கு வந்தது. 1981-இல் வந்த ஜேசிஎம்800 ஆம்ப்கள் எண்பதுகளின் ஹார்ட் ராக்கையும் மெட்டலையும் சுமந்தன. ஆனால் அசல் பழுது அப்படியே கிடைத்துவிடவில்லை. ப்ரீஆம்ப் மட்டும் கெடுகிறது. பவர் வால்வும், அதை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும், ஸ்பீக்கரும் தூங்குகின்றன. ஒலி இன்னும் இறுக்கமாக, இன்னும் மெலிந்து இருக்கும். மெட்டல்காரர்களுக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

அடுத்தது டிரான்சிஸ்டர். பெல் லேப்ஸ் 1947-இல் கண்டுபிடித்த சாமான், 1960களில் ஆம்ப்களுக்குள் வந்தது. சூடாக வேண்டாம், உடையாது, எடை குறைவு, விலை குறைவு. கிட்டார்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ஃபெண்டர் 1966-இல் விட்ட முதல் டிரான்சிஸ்டர் வரிசை சில வருடங்களில் மூட்டை கட்டியது. எல்லைக்கு மேல் தள்ளினால் டிரான்சிஸ்டர் அலையின் உச்சியைக் கத்தியால் அறுத்த மாதிரி சட்டென்று வெட்டும். அந்தக் கூர்மூலை காதுக்கு எரிச்சல்.

ஆனால் கெட வேண்டாம், சுத்தமாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டால் டிரான்சிஸ்டரை அடிக்க ஆளில்லை. ஜப்பானின் ரோலண்ட் 1975-இல் கொண்டுவந்த ஜேசி-120 அதற்குச் சாட்சி. உள்ளே 60 வாட் பவர் ஆம்ப் இரண்டு, 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, ஒன்றுக்கு ஒன்று. கோரஸ் சுவிட்சைப் போட்டால் ஒரு ஸ்பீக்கர் கிட்டாரை உள்ளபடி வாசிக்கும். மற்றது மிக லேசாகத் தாமதித்து, ஸ்ருதியில் இப்படியும் அப்படியும் ஊசலாடி வாசிக்கும். இரண்டும் பெட்டிக்குள் கலப்பதே இல்லை. உங்களுக்கும் ஆம்ப்புக்கும் நடுவே காற்றில்தான் கலக்கின்றன. நின்ற இடத்திலிருந்து ஒரு அடி நகர்ந்தால் கோரஸ் மாறுகிறது. மெட்டாலிகாவின் சுத்தமான கிட்டார் பகுதிகளில் கேட்பது இந்த ஆம்ப்தான். இந்தியாவில் ஓரளவு பெரிய மேடைகளில் வாடகைக்கு வரும் ஆம்ப் பட்டியலில் இதன் பெயர் தவறாது. ஒருநாளும் மக்கர் பண்ணாது என்பதே காரணம்.

டிரான்சிஸ்டர் என்றாலே மட்டம் என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு இரண்டு பெயர் சொல்லிவைக்கிறேன். பி.பி. கிங் பல வருடம் வாசித்த லேப் சீரிஸ் எல்5 டிரான்சிஸ்டர் ஆம்ப். பான்டெரா குழுவின் டைம்பேக் டேரலின் ரம்பம்போல அறுக்கும் ஒலி ராண்டல் டிரான்சிஸ்டர் ஆம்ப்பிலிருந்து வந்தது. மூலை கூராக இருப்பதே அவருக்கு வேண்டியதாக இருந்தது. நமக்கெல்லாம் டிரான்சிஸ்டர்மேல் கசப்பு வந்தது, முதல் கிட்டாரோடு சேர்த்துக் கொடுத்த 10 வாட் பெட்டியால். அதில் குற்றவாளி டிரான்சிஸ்டர் அல்ல. சோற்றுத் தட்டைவிடச் சின்ன ஸ்பீக்கரும், பின்னால் ஆணி அடித்த மெல்லிய பலகையும்.

ஹைப்ரிட் என்றால் ப்ரீஆம்ப்பில் ஒரு வால்வு, பவருக்கு டிரான்சிஸ்டர். மார்ஷல் தொண்ணூறுகளில் வால்வ்ஸ்டேட் என்று விற்றது இதைத்தான். நல்ல ஹைப்ரிட் உண்டு. முன்பக்க ஜன்னலில் ஆரஞ்சு விளக்கு காட்டுவதற்கென்றே வால்வு வைத்த ஹைப்ரிட்டும் உண்டு. இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

டிஜிட்டல்தான் இப்போதைய கதை. லைன் 6 கம்பெனி 1996-இல் முதல் மாடலிங் காம்போவைக் கொண்டுவந்தது. இரண்டு வருடம் கழித்துச் சிவப்பு நிறத்தில் மொச்சைக்கொட்டை வடிவில் பாட் என்ற மாடலிங் பெட்டி வந்தது. மாடலிங் என்றால், வால்வு என்ன செய்யும், டிரான்ஸ்ஃபார்மர் என்ன செய்யும், ஸ்பீக்கர் எதை வடிகட்டும் என்று கணக்குப் போட்டு, உள்ளே வரும் எண்களை அதே மாதிரி கெடுப்பது. ஆரம்ப மாடல்கள் தூரத்திலிருந்து கேட்க மார்ஷல் போல இருக்கும். விரலுக்குக் கீழே உயிர் இருக்காது. மெதுவாக மீட்டியதற்கும் அழுத்தியதற்கும் வித்தியாசம் வராது.

ஜெர்மனியின் கெம்பர் 2011-இல் வேறு வழி பிடித்தது. உங்கள் அசல் ஆம்ப்புக்குள் விதவிதமான சோதனை ஒலிகளை அனுப்பி, முன்னால் மைக் வைத்து, வெளியே வருவதைக் கேட்டு அதன் குணத்தைப் பதிந்துகொள்ளும். இப்போது அந்த வேலையை நியூரல் நெட்வொர்க் செய்கிறது. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசம். யாரோ ஒருவர் தன் பழைய ஜேடிஎம்45-ஐ வைத்துப் பயிற்சி கொடுத்து இணையத்தில் போட்ட ஃபைலை லேப்டாப்பில் இறக்கி, ஹெட்போனில் கேட்கலாம். கேட்டேன். அந்த ஜாம் ரூமில் நான் செய்த கிட்டார் வால்யூம் வித்தையும் இதில் பலிக்கிறது, இறக்கினால் சுத்தமாகிறது. கண்ணைக் கட்டிவிட்டு ஒலிப்பதிவில் கேட்கச் சொன்னால் எது அசல் என்று என்னால் சொல்ல முடியாது. அறையில் நின்று கேட்கும்போது மட்டும் வித்தியாசம் தெரிகிறது. காற்று அதிர்ந்து கால்சட்டை படபடப்பதும், ஸ்பீக்கரின் ஒலி திரும்பத் தந்தியில் மோதி அதை நடுங்கவைப்பதும் ஹெட்போனில் வராது. அது சத்தத்தின் வேலை. அதைச் சின்ன ஒலியில் வரவழைக்க இன்னும் யாருக்கும் வழி தெரியவில்லை.

இதற்கிடையில் வால்வு வைத்திருப்பவர்களின் கவலை தனி. பவர் வால்வு தேயும், மாற்ற வேண்டும். இன்று உலகத்துக்கு வால்வு தருவது முக்கியமாக மூன்று இடங்கள்: ரஷ்யாவில் சரடோவ், ஸ்லோவாக்கியா, சீனா. 2022-இல் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் ஆம்ப் உலகமே பதறியது, விலை ஏறியது. எழுபது வருடத்துக்கு முன்னால் ரேடியோவுக்குச் செய்த ஒரு சாமானுக்காகக் கிட்டார்காரர்கள் உலக அரசியல் படிக்க வேண்டியதாகிவிட்டது.

வால்வு ஆம்ப்பை நீங்களே திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும். ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்து வாசிக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். எந்த வகை ஆம்ப்பாக இருந்தாலும் எர்த்தைப் பாருங்கள். கிட்டாரின் தந்திகள் ஒயர் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்தவை. ஊர்த் திருவிழா மேடையில் ஜெனரேட்டரிலிருந்து இழுத்த ஒயரில் மூன்றாவது பின் பெயருக்குத்தான் இருக்கும். தந்தியில் கை, மைக்கில் உதடு. இரண்டுக்கும் நடுவே ஷாக் அடிக்கும். உதட்டில் வாங்கியவர்களைக் கேட்டுப்பாருங்கள், சொல்வார்கள். மைக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பாட வருகிற பழைய பாடகர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம் அது.

சரி, எதை வாங்குவது? நீங்கள் இருக்கும் அறை சொல்லும். ஃப்ளாட்டில் இருந்துகொண்டு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கும் என்றால், மேஜைமேல் வைக்கும் சின்ன மாடலிங் ஆம்ப் போதும். யமஹா டிஹெச்ஆர் போல. அதில் கொஞ்சம்கூட வெட்கப்பட வேண்டாம். வீட்டுக்கும் வேண்டும், எப்போதாவது நண்பர்களோடு டிரம்ஸுக்கு ஈடாகவும் நிற்க வேண்டும் என்றால் 12 அங்குல ஸ்பீக்கரோடு 50 வாட் மாடலிங் காம்போ. பாஸ் கம்பெனியின் கட்டானா ஆம்ப்பில் அரை வாட்டுக்கு இறக்கும் சுவிட்ச் இருக்கிறது, அந்த ஒரு சுவிட்சுக்காகவே நான் அதைச் சிபாரிசு செய்வேன். ஜாம் ரூமிலும் மேடையிலும் மட்டும் வாசிப்பவர் ஆம்ப்பே வாங்க வேண்டாம், அங்கே இருக்கும். நல்ல பெடல் வாங்கிக்கொள்ளுங்கள். அகூஸ்டிக் கிட்டார்காரர் இந்தக் கட்டுரையில் இதுவரை படித்த எதையும் மதிக்க வேண்டாம்: உங்களுக்குத் தேவை கெடுக்காத ஆம்ப், மேல் ஒலிக்கென்று ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கர் வைத்தது. பேஸ் கிட்டாரைச் சாதாரண கிட்டார் ஆம்ப்பில் சத்தமாக வாசித்தால் ஸ்பீக்கர் கிழியும். அதுவும் நீங்களாக விரும்பிக் கிழித்ததாக இருக்காது.

வால்வு? தனி வீடு, சாத்திக்கொள்ளும் அறை, பொறுமையான அக்கம்பக்கம் மூன்றும் இருந்தால் தாராளமாக. 15 வாட்டுக்கு மேலே போகாதீர்கள். அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் பழைய ஃபெண்டர் ஒன்றைக் கொண்டுவந்து தருகிறேன் என்றால், பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் சொருகிய நொடியில் புகை வரும். நல்ல கனமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கூடவே வேண்டும். ட்வின் ரிவெர்ப் என்றால் ஏற்கெனவே 29 கிலோ. அதையும் டிரான்ஸ்ஃபார்மரையும் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு யார் தூக்குவது என்பதை அத்தை மகன் விமானம் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.